வலை தூக்குவதற்கு முன் ஒரு பிடி சோறு

மாமாவின் வலது காலில் மூன்று விரல்தான் இருந்தது.

கோட்டைக்குப்பத்தில் அக்கா வீட்டு வாசலில் பையை இறக்கி வைத்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் பார்த்தேன். அக்கா வீட்டுக்காரரைத்தான் மாமா என்கிறேன். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, காலை ஒரு முக்காலிமேல் நீட்டியிருந்தார். கட்டு மாற்றுவதற்காகத் துணியை அவிழ்த்து வைத்திருந்தார்கள். நான் எண்ணினேன். சந்தேகம் வந்து மறுபடியும் எண்ணினேன்.

"இன்னா மச்சான், எண்ணிப் பாக்குறியா? ரெண்டு கம்மி. நண்டு தூக்கிக்கினு பூடுச்சு" என்று மாமா சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "கால்ல புண்ணு, ஆற மாட்டேங்குது" என்றுதான் அக்கா போனில் சொல்லியிருந்தாள். மீதியை அன்றைக்குத்தான் சொன்னாள். கடலோடு சேரும் எங்கள் உப்பு ஏரியில் இறங்கி நடந்தபோது சிப்பி ஓடு காலைக் கிழித்திருக்கிறது. மாமாவுக்கு அது தெரியவே இல்லை. வலியும் இல்லை. சில நாள் கழித்து வீட்டில் நாற்றம் வந்திருக்கிறது. எங்கேயோ மீன் செத்துக் கிடக்கிறது என்று அக்கா கட்டிலுக்கு அடியில் தேடியிருக்கிறாள், பானைகளை நகர்த்திப் பார்த்திருக்கிறாள், பூனை கொண்டுபோய்ப் போட்டிருக்குமோ என்று கூரையில்கூட ஏறிப் பார்த்திருக்கிறாள். அந்த நாற்றம் மாமாவின் காலில் இருந்து வந்துகொண்டிருந்தது.

சர்க்கரை என்றார்கள். அதில் கால் மரத்துப்போய்த்தான் வலி தெரியவில்லை என்றார்கள். விரலை எடுத்தார்கள்.

நான் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதற்குப் பிறகு எந்த ஊரிலும் இரண்டு வருடத்துக்கு மேல் இருந்ததில்லை. பரோட்டாக் கடையில் மாவு பிசைந்தேன், லாரியில் கிளீனராகப் போனேன், செங்கல் சூளையில் இருந்தேன், கேரளாவில் ஓடு அடுக்கினேன். இரண்டு நாள், மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்ததும் உண்டு. கிடைத்த நாளில் கிடைத்ததைத் தின்றேன். இதையெல்லாம் கஷ்டம் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. எல்லோருக்கும் அப்படித்தான் நடக்கிறது என்று நினைத்திருந்தேன்.

அக்கா என்னைக் கூப்பிட்டதற்குக் காரணம் பாடு. எங்கள் பக்கத்தில் பாடு என்றால் முறை. ஏரியில் மீன் வரும் இடங்களை ஊருக்குள் பிரித்து, இன்றைக்கு இந்த இடத்தில் இந்த வீடுதான் வலை கட்டும் என்று வரிசை வைத்திருக்கிறார்கள். உன் வீட்டு முறை வந்து நீ இறங்காவிட்டால் அது போனது போனதுதான். அடுத்த சுற்று வரும்வரை காத்திருக்க வேண்டும். மாமாவால் இனித் தண்ணீரில் இறங்க முடியாது. அவருக்குப் பதிலாக நான் இறங்கலாம் என்று ஊர்க்கூட்டத்தில் ஒத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு தடவைதான் ஆள் மாற்றுவோம், இவன் ஓடிப்போனால் அந்த வீட்டு முறை பக்கத்து வீட்டுக்குப் போகும் என்றும் சொல்லியிருந்தார்கள். நான் ஓடுகிறவன் என்பது ஊருக்கே தெரியும்.

மறுநாள் மாமாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். நர்ஸம்மா கட்டு மாற்றிவிட்டு அவர் விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தார்.

"இவனுக்கும் ஒரு குத்து குத்தும்மா" என்றார் மாமா. "ஊரெல்லாம் சுத்துனவன். இன்னா இன்னா கொண்டாந்துகீறானோ."

விளையாட்டுக்குத்தான் விரலை நீட்டினேன். நர்ஸம்மா மிஷினைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பஞ்சால் வேறொரு விரலைத் துடைத்து இன்னொரு முறை குத்தினார். மாமா எட்டிப் பார்த்தார்.

"டேய்" என்றார் மெதுவாக. "என்னுதவிட உன்னுது பெருசா கீது."

திங்கட்கிழமை வெறும் வயிற்றில் வரச் சொன்னார் நர்ஸம்மா. டாக்டர் பார்ப்பார், அதுவரைக்கும் டீயில் சர்க்கரையை நிறுத்துங்கள், சோற்றை அளவாகச் சாப்பிடுங்கள், பயப்பட வேண்டாம் என்றார். நான் பயந்துபோயிருந்தேன். அவர் சொன்னதில் 'நிறுத்துங்கள்' என்பது மட்டும்தான் என் காதில் விழுந்தது. திரும்பி வரும் வழி முழுக்கச் செருப்புக்குள் என் விரல்களை அசைத்து அசைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். பத்தும் இருந்தன.

வீட்டுக்கு வந்ததும் அக்கா கேட்டாள். "ஒரு நாளைக்கு எத்தினி டீ குடிப்பே?"

"நாலு அஞ்சு இருக்கும்."

"பொய் சொல்லாதே. எழுந்ததுலேந்து சொல்லு."

அடுப்படியில் இருந்து சர்க்கரை டப்பாவையும் ஒரு எவர்சில்வர் தம்ளரையும் எடுத்துவந்து தரையில் உட்கார்ந்தாள். நான் சொல்லச் சொல்ல ஒவ்வொரு டீக்கும் இரண்டு ஸ்பூன் தம்ளரில் போட்டாள். விடியற்காலையில் ஒன்று. வேலைக்குப் போகும் வழியில் ஒன்று. பதினொரு மணிக்கு ஒன்று. சாப்பிட்டதும் ஒன்று. பசி எடுத்துக் கையில் காசில்லாதபோது ஒன்று. யாராவது வாங்கித் தந்தால் வேண்டாம் என்று சொல்லாமல் ஒன்று. சாயங்காலமும் ராத்திரியும் சேர்த்து எட்டு வந்தது. "அப்பால?" என்றாள். மத்தியானம் ஒரு ஆரஞ்சு கலர் பாட்டில் என்றேன். அதற்கு எவ்வளவு என்று அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. கை நிறைய அள்ளிப் போட்டாள். பன், கிரீம் பிஸ்கட் என்றேன். அதற்கும் போட்டாள்.

தம்ளர் விளிம்புவரை வந்து நின்றது.

"துன்னு" என்று என் முன்னால் வைத்தாள்.

"இன்னாக்கா..."

"தெனம் துன்றதுதானே. இப்போ துன்னேன், பாக்குறேன்."

நான் அந்தத் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று நாள் பட்டினி கிடந்தபோதுகூட எனக்கு உடம்பைப் பற்றிப் பயம் வந்ததில்லை. வெள்ளையாக, சுத்தமாக, ஒரு எறும்புகூட ஏறாமல் இருந்த அந்தத் தம்ளரைப் பார்த்துத்தான் பயந்தேன். பசியாக இருக்கிறது என்று நினைத்து இத்தனை வருடம் நான் உள்ளே போட்டுக்கொண்டிருந்தது இதைத்தான்.

அன்றைக்கே எல்லாவற்றையும் நிறுத்தினேன். டீயை நிறுத்தினேன். சோற்றை நிறுத்தினேன். இட்லியும் சோறுதான் என்று யாரோ சொன்னார்கள், அதையும் நிறுத்தினேன். மிச்சம் இருந்தது மீன்தான். நல்ல மீன் முழுக்க ஏலத்துக்குப் போய்விடுவதால் வீட்டில் கருவாடுதான் இருந்தது. நெத்திலிக் கருவாட்டைச் சுட்டுத் தின்றுவிட்டுத் தண்ணீர் குடித்தேன். வேலை பிடிக்காத இடத்தில் மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேனே, அதே வேகத்தில் சோற்றையும் விட்டுவிட்டேன். ஒன்றை அடியோடு விட்டுவிடுவது எனக்கு எப்போதுமே சுலபம்.

அதோடு நிற்கவில்லை. மாமாவின் மாத்திரை டப்பாவில் இருந்து தினமும் காலையில் இரண்டு எடுத்துப் போட்டேன். திங்கட்கிழமை வரைக்கும் எதற்குக் காத்திருக்க வேண்டும்? அவருக்கும் சர்க்கரை, எனக்கும் சர்க்கரை. ஒரே வலையைக் கட்டுகிற வீட்டில் மாத்திரை மட்டும் என்ன தனித்தனியா? எங்கள் பக்கம் இதை யாரும் தப்பாக நினைப்பதில்லை. ஜுர மாத்திரை, இருமல் மருந்து எல்லாம் வீட்டுக்கு வீடு கைமாற்றாகப் போகும்.

சனிக்கிழமை எங்கள் வீட்டு முறை.

படகு என் கூட்டாளியுடையது. ஏழாம் வகுப்பில் ஒரே நாளில் பள்ளிக்கூடத்தை விட்டவர்கள் நாங்கள். அவன் ஏரிக்குப் போனான், நான் ரயிலேறினேன். பொழுது விடிந்து வெளிச்சம் வந்ததும் கிளம்பினோம். ஏரியில் ஒரு வழக்கம் உண்டு. வலை தூக்கும்வரை யாரும் சோறு தொட மாட்டார்கள். சாமி காரணம் எதுவும் இல்லை. வயிறு ரொம்பினால் முதுகு வளையாது என்பார்கள். டீயும் கலரும் மட்டும் சோற்றுக் கணக்கில் வராது. அதனால் எல்லோரும் டீயும் கலருமாகக் குடித்துவிட்டுத்தான் வலை தூக்குவார்கள். நான் அதைக்கூடக் குடிக்கவில்லை. முந்தின இரவும் சாப்பிடவில்லை. இரண்டு மாத்திரையைப் போட்டுக்கொண்டு படகில் ஏறினேன்.

வலை கட்டியிருந்த இடத்துக்குப் போய்ச் சேரும்போது வெயில் இன்னும் ஏறவில்லை. ஆனால் எனக்கு வேர்த்துக் கொட்டியது. கையில் இருந்த படகு தள்ளும் கழி நடுங்கியது. அதை ஊன்றிப் பிடித்தால் இரண்டு கழியாகத் தெரிந்தது.

"இன்னாடா, நட்டுக்கிட்டு நிக்குறே? எறங்கு" என்றான் கூட்டாளி.

அவன்மேல் எனக்குத் தாங்க முடியாத கோபம் வந்தது. எதற்கென்று தெரியவில்லை. கெட்ட வார்த்தையில் ஏதோ சொன்னேன்.

"காலைலயே ஊத்திக்கினியா? வாய் கொழறுது."

இல்லை என்று சொல்ல நினைத்தேன். வார்த்தை வரவில்லை. படகை விட்டு இறங்கினேன். அங்கே தண்ணீர் இடுப்பளவுதான். வலையின் முனையைப் பிடிக்கக் குனிந்தேன். அப்புறம் நிமிரவில்லை.

கடலில் ஒரு தடவை படகு கவிழ்ந்து பாதி நாள் மிதந்திருக்கிறேன். லாரி உருண்டதில் பிழைத்திருக்கிறேன். இடுப்பளவுத் தண்ணீரில், சேற்றுக்குள் முகத்தை வைத்துக்கொண்டு, காலை ஊன்றி எழுந்திருக்க வேண்டும் என்பதுகூடத் தோன்றாமல் கிடந்தேன். எனக்குப் பயம்கூட வரவில்லை. அது பிறகுதான் வந்தது.

கூட்டாளி என் தலைமுடியைப் பிடித்துத் தூக்கிப் படகுக்குள் இழுத்துப் போட்டிருக்கிறான். அவனுடைய அண்ணன் ஒருவருக்கு இதே மாதிரி வந்து அவன் பார்த்திருக்கிறான். தான் குடிக்க வைத்திருந்த ஆரஞ்சுக் கலரை என்னைச் சாய்த்துப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக வாயில் விட்டிருக்கிறான். நான் துப்பினேனாம். "வெசம், வெசம்" என்று முனகினேனாம்.

"வெசமே இருந்துட்டுப் போட்டும். முழுங்குடா பேமானி" என்று அவன் கத்தியதுதான் எனக்கு முதலில் கேட்டது.

மூன்று நாளாக நான் விஷம் என்று தள்ளி வைத்திருந்தது உள்ளே போனதும் கண் தெரிந்தது. முதலில் கழி ஒன்றாகத் தெரிந்தது. அப்புறம் அவன் முகம். அவன் அழுதிருந்தான். அதைப் பார்த்த பிறகுதான் எனக்குப் பயம் வந்தது.

எங்களுக்கு வலை தூக்க முடியவில்லை. என்னைக் கரை சேர்ப்பதற்குள் கடலில் இருந்து வரும் நீரோட்டம் மாறிவிட்டது. அன்றைய இறால் எங்கள் வலையைத் தாண்டிப் போய்விட்டது. அக்கா வீட்டு முறை வீணாகப் போனது.

மாமாவிடம் மாத்திரை எடுத்ததைச் சொன்னபோது, நான் திரும்பி வந்த நாளில் இருந்து முதல் தடவையாக அவர் கேலி பேசவில்லை.

"எனக்கே ரெண்டு விரல் போன அப்பால தாண்டா அதக் குடுத்தாங்க" என்றார். அப்புறம் டப்பாவை எடுத்துத் தன் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை நர்ஸம்மா எல்லாவற்றையும் கேட்டார். நான் சொல்லி முடிக்கும்வரை எழுதவே இல்லை.

"உங்க மாமா மாத்திரை போட்டுக்கிட்டோம்ங்கிற தைரியத்துல வடை சாப்பிடறாரு. நீங்க சாப்பிடாமலே மாத்திரை போட்டு இருக்கிற சர்க்கரையையும் இறக்கிவிட்டுக்கிறீங்க. ஒரே வீடா நீங்க ரெண்டு பேரும்?" என்றார். பக்கத்தில் மாமா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நர்ஸம்மா என் கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு, "கருவாடு நிறையச் சாப்பிடுவீங்களா?" என்று கேட்டார்.

"நாலு நாளா அதுதான் சோறு" என்றேன்.

"அத்தனையும் உப்பு" என்று கையில் இருந்த பேனாவை மேஜைமேல் வைத்துவிட்டார்.

டாக்டர் எனக்கு வேறு மாத்திரை எழுதினார். சாப்பாட்டோடுதான் போட வேண்டும் என்றார். சோற்றை விடச் சொல்லவில்லை. தட்டில் பாதி காய் கீரை, மீதியில் ஒரு பங்கு மீன், ஒரு பங்கு சோறு, நேரத்துக்கு என்றார். கேட்கும்போது ஏமாற்றமாக இருந்தது. ஏதாவது ஒன்றை அடியோடு விடச் சொல்வார் என்று எதிர்பார்த்திருந்தேன். அதைச் செய்துவிட்டு மறந்துபோயிருப்பேன். தினமும் மூன்று வேளை உட்கார்ந்து, எது போதும் என்று யோசிக்கச் சொன்னார். எந்த வேலையிலும் நான் அவ்வளவு நேரம் நின்றதில்லை.

கீரை எங்கள் வீட்டில் அபூர்வம். காட்டூரில் இருந்து ஒரு அம்மா கூடையில் கொண்டுவருவார். "ஆட்டுக்கா?" என்றுதான் எங்கள் தெருவில் கேட்பார்கள். அக்கா அவரை நிறுத்தி, முருங்கைக்கீரை ஒரு கட்டுக்குப் பதிலாக ஒரு கை கிழங்கான் மீன் தருவதாகப் பேசி முடித்தாள்.

"தெனம் வந்தாலும் வாங்குவியா?" என்று அந்த அம்மா நம்பாமல் கேட்டார்.

"வாங்குறேன். இவன் துன்னாட்டி ஆடு ஒண்ணு வாங்கிடறேன்" என்றாள் அக்கா.

சர்க்கரை போட்ட அந்தத் தம்ளரைக் கழுவி, அதையே சோற்றுக்கு அளவாக வைத்தாள். ஒரு வேளைக்கு ஒரு தம்ளர். அதற்கு மேல் கேட்டால் கீரை விழும். முதல் இரண்டு நாள் எனக்குப் பசி அடங்கவில்லை. மூன்றாம் நாள் மாமா என் தட்டைப் பார்த்தார், தன் தட்டைப் பார்த்தார். தன் தட்டில் இருந்து ஒரு கை சோற்றை எடுத்துப் பானையில் திரும்பப் போட்டார். அக்கா அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தாள்.

அடுத்த சுற்று நெருங்கியது. ஊரில் பேச்சு எழுந்தது. விழுகிற ஆளை ஏரியில் இறக்கினால் யார் பதில் சொல்வது, அந்த வீட்டு முறையை மாற்றிவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். சொன்னவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. நானாக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். அந்த வாரம் அக்கா அரிசி களையும்போது கை அடிக்கடி நின்றுபோவதைப் பார்த்தேன். இரவில் என் பை ஆணியில் இருக்கிறதா என்று அவள் பார்த்துக்கொள்வதையும் பார்த்தேன்.

பழைய நானாக இருந்திருந்தால் அந்தப் பையை எடுத்திருப்பேன். உண்மையைச் சொன்னால், ஒரு தடவை எடுத்துத் துணியை மடித்தும் வைத்தேன். அப்போது மாமா நாற்காலியில் இருந்து எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, மூன்று விரலை ஊன்றி வாசல்வரை நடந்து போனார். யாரும் கூப்பிடவில்லை, ஒரு வேலையும் இல்லை. நடக்க முடிகிறதா என்று பார்த்தார் போல. பையைத் திரும்ப ஆணியில் மாட்டினேன்.

ஊர்க்கூட்டத்தில் பேசியது என் கூட்டாளி. "என் படகு, என் பொறுப்பு" என்றிருக்கிறான். "அவன் என் கண்ணு முன்னாடி துன்னாதான் படகத் தள்ளுவேன். துன்னலைனா தள்ள மாட்டேன். அம்புட்டுதான்."

"வலை தூக்கறதுக்கு முன்னாடி சோறா?" என்று கேட்டிருக்கிறார்கள்.

"டீ மட்டும் வயித்துக்குள்ள போவாம வேற எங்க போவுது?" என்று இவன் திருப்பிக் கேட்டானாம். சரி, இந்த ஒரு சுற்று பார்க்கலாம் என்று விட்டிருக்கிறார்கள்.

எங்கள் முறை வந்த அன்று காலையில் கரையில் நாலைந்து படகுகள் நின்றன. அக்கா ஒரு தூக்குச் சட்டியைக் கொடுத்து அனுப்பியிருந்தாள். தம்ளர் அளவு சோறு, முருங்கைக்கீரை, இரண்டு துண்டு மடவை மீன். படகின் விளிம்பில் உட்கார்ந்து திறந்தேன். எல்லோரும் பார்த்தார்கள்.

"இன்னாடா கல்யாணப் பந்தியா? இலை போடட்டுமா?" என்று ஒருவன் கத்தினான்.

"மாப்பிள்ளைக்கு அப்பளம் வைங்கடா" என்றான் இன்னொருவன்.

எனக்கு வாயில் போட முடியவில்லை. அத்தனை பேர் முன்னால் அழுவது மாதிரி இருந்தது, சாப்பிடுவது. கூட்டாளி குனிந்து தூக்கைப் பார்த்தான்.

"கீரை ஒத்துக்குமாடா?"

"தெரியலை."

அவன் தன் பையில் இருந்து கலர் பாட்டிலை எடுத்தான். கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தான். அதைப் படகின் மூலையில் செருகிவிட்டு, "இது உனக்கு. விழுந்தா ஊத்தறதுக்கு" என்றான். பிறகு என் தூக்கில் கைவிட்டு ஒரு பிடி எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். வலை தூக்குவதற்கு முன் அவன் சோறு தொட்டது அதுதான் முதல் தடவை. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் அவரவர் படகைத் தள்ளப் போனார்கள்.

"உப்பே இல்லடா" என்றான், மென்றுகொண்டே.

"நர்ஸம்மா சொன்னாங்க."

"அந்தம்மா துன்னுவாங்களா இத?"

நான் சாப்பிட்டு முடித்து, மாத்திரையைப் போட்டு, ஏரித் தண்ணீரில் தூக்கைக் கழுவினேன். அதுவரை அவன் கழியைத் தொடவில்லை. மாத்திரையை முழுங்கினேனா என்று வாயைத் திறந்து காட்டச் சொன்னான். காட்டினேன். அப்புறம்தான் தள்ளினான்.

அதே இடம், அதே இடுப்பளவுத் தண்ணீர். இறங்கும்போது கால் நடுங்கியது. இந்தத் தடவை அது பயத்தில் வந்த நடுக்கம் என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்ததால் நிற்க முடிந்தது. குனிந்து வலையின் முனையைப் பிடித்தேன். கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டு நிமிர்ந்தேன். கூட்டாளி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இறால் இருந்தது. நிறைய என்று சொல்ல முடியாது. ஆனால் வீட்டு முறை வீட்டிலேயே நின்றது. கரைக்கு வந்ததும், ஏலம் கேட்கிற ஆள் கூடைக்குள் கைவிடுவதற்கு முன்னால், இரண்டு மடவையையும் ஒரு கை கிழங்கானையும் எடுத்துத் தூக்கில் போட்டேன். நல்ல மீனை எல்லாம் விற்றுவிட்டு, வந்த காசில் பரோட்டா வாங்கித் தின்பதுதான் எங்கள் பக்கத்து வழக்கமாகிவிட்டிருந்தது. ஏலக்காரர் முறைத்தார்.

"நல்லதா பாத்து எடுக்குறியே."

"வீட்டுக்கு" என்றேன்.

தூக்கு கனமாக இருந்தது. கால் விரல்களை மணலில் அழுத்தி அழுத்தி நடந்தேன். சிப்பி ஓடு ஒன்று குத்தியது. நின்று, குனிந்து பார்த்தேன். வலித்தது. வலிக்கிறதே என்று அங்கேயே நின்றேன்.

"இன்னாடா ஆச்சு? மறுபடியுமா?" என்று பின்னால் இருந்து கூட்டாளி பாட்டிலைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான்.